மஞ்சப்பூ மரத்துக்கிட்ட லெஃப்ட்

அந்த ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் சுவரில் எழுதியிருந்த எச்சரிக்கைகளில் முதலாவது, 'வண்டி ஓட்டும்போது வேடிக்கை பார்க்காதே.' சிவப்பு எழுத்து, அடியில் தடித்த கோடு. அந்தச் சுவருக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பயிற்சியாளருக்கு எல்லோரும் சொல்லும் பெயரோ வேடிக்கை அக்கா. புதிதாகச் சேர வருகிறவர்கள் சுவரைப் பார்ப்பார்கள், அக்காவைப் பார்ப்பார்கள், சிரிப்பை விழுங்கிக்கொண்டு உட்காருவார்கள். அக்காவுக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. "சிரிச்சுட்டே வந்தா கிளட்சை நல்லா மிதிப்பாங்க" என்பாள்.

பெயர் வைத்த புண்ணியவதி அவளுடைய நாத்தனார். அக்கா கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த புதிது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் குன்றின் மேல் மழை இறங்கிக்கொண்டிருந்தது. குன்றை மறைத்து, ஏரியைத் தாண்டி, தெருமுனை வீட்டுத் தகரத்தைத் தட்டி, ஒருவழியாக ஜன்னல் கம்பிக்கு அது வந்து சேர்கிற வரைக்கும் அவள் அசையவில்லை. மழை வந்து சேர்ந்தபோது பால் போய்ச் சேர்ந்திருந்தது. பின்னால் நின்ற நாத்தனார் அடுப்பையும் பார்த்தாள், தம்பி பெண்டாட்டியையும் பார்த்தாள். "நல்லா வேடிக்கை பார்த்தே போ" என்றாள். அன்றைக்கு ஒட்டியதுதான். பிறகு புருஷனே அந்தப் பெயரில் கூப்பிட ஆரம்பித்தார்.

வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டதும் வேடிக்கை பார்க்கத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் ஒரே இடத்தில் நிற்கிறது, கார் ஜன்னல் போய்க்கொண்டே இருக்கிறது. அக்காவின் கணக்கு அவ்வளவுதான். கூடப்பிறந்த தம்பி பயிற்சிப் பள்ளி ஆரம்பித்தபோது, பெண்களுக்குச் சொல்லித்தர ஒரு பெண் வேண்டும் என்று அவளைத்தான் கூப்பிட்டான். இரண்டு பக்கமும் பிரேக் வைத்த சின்ன வெள்ளைக் காரை அவளிடம் கொடுத்தான். மற்ற பள்ளிக்காரர்கள் எல்லாம் பழைய விளையாட்டு மைதானத்தில் டப்பாக்களை அடுக்கி வைத்துவிட்டு அதைச் சுற்றிச் சுற்றி ஓட்டவிடுவார்கள். அக்கா மைதானத்தில் நாலு சுற்று விட்டுவிட்டு நேரே ஏரிக்கரைச் சாலைக்குக் கூட்டிப்போய்விடுவாள்.

அந்தச் சாலை அவளுக்கு உள்ளங்கை. கடைத்தெரு முடிந்த கையோடு இடப்பக்கம் ஒரு திருப்பம். திரும்பினால் கரையை ஒட்டியே போகும். நடுவில் ஏரித் தண்ணீர் கசிந்து சாலையை நனைக்கிற ஒரு தாழ்வு. அதைத் தாண்டினால் குன்றடி, அங்கிருந்து ஒரு வட்டம் அடித்து அதே வழியில் திரும்பலாம். அவள் பாடம் நடத்துகிற முறையும் அந்தச் சாலையைப் போலத்தான் இருக்கும். "பெரிய மரத்து நிழல்ல ரோடு காயாது. பிரேக்கை மெதுவா." "ஏரிக்காத்து இங்கதான் கன்னத்துல அறையும். ஸ்டீரிங்கைக் கெட்டியாப் பிடி." "குன்னு இப்ப உன் இடது தோள்ல இருக்கா? வலது தோளுக்கு வந்ததும் கியரைக் குறை." கற்றுக்கொள்ள வந்தவர்கள் ஆரம்பத்தில் முழிப்பார்கள். பழகிய பிறகு, மைதானத்தில் பழகினவர்களுக்கு ஒரு சாலை பிடிபடுவதற்கு முன்னால் இவர்களுக்குப் பிடிபட்டுவிடும்.

தம்பிக்கு மட்டும் மனசு ஆறாது. "அக்கா, நீ கார் ஓட்டக் கத்துக்குடுக்கிறியா, டூர் கூட்டிட்டுப் போறியா?" என்பான்.

"ரெண்டும்தான். உனக்கென்ன நஷ்டம்?" என்பாள் அக்கா.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான், ஒருநாள் காலையில் நாத்தனார் பள்ளிக்கு வந்து நின்றாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

நாத்தனாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பிரிவுக்கு அவள் மேற்பார்வையாளராக இருந்தவள். மலை மாதிரி குவிந்த படுக்கை விரிப்புகளில் ஒரு ஓரத்துக் கறையைக் கதவருகே நின்றே கண்டுபிடிப்பாள். அந்தக் கண்ணுக்கு மரம், வானம், தண்ணீர் எதுவும் தென்பட்டதில்லை. மேகம் என்றால் அவளுக்கு ஒரே அர்த்தம், மாடியில் துணி காய்கிறது. வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும், வாசலில் யார் வந்து நின்றாலும், ஒரு தூறல் விழுந்தால் முதலில் மாடிக்குத்தான் ஓடுவாள். அவள் கையால் காயப்போட்ட துணி நனைந்ததாகச் சரித்திரமே கிடையாது.

அவளுடைய வீட்டுக்காரர் நேர் எதிர். ரொட்டித் தொழிற்சாலை வேன் ஓட்டியவர். விடியற்காலையில் ரொட்டியை ஏற்றிக்கொண்டு ஏரிக்கரை வழியாகப் போவார். "இன்னிக்கு ஏரி கண்ணாடி மாதிரி இருந்துச்சும்மா" என்று வந்து சொல்வார். "கண்ணாடியில உங்க மூஞ்சியப் பார்த்தீங்களா? சவரம் பண்ணுங்க" என்பாள் இவள். ஓய்வு பெற்றதும் ஆசையாக ஒரு பழைய நீலநிறக் கார் வாங்கினார். அதில் எண்ணிச் சில ஞாயிற்றுக்கிழமைகள்தான் போயிருப்பார். கண்ணில் வந்த கோளாறு கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வையைத் தின்றுவிட்டது. இப்போது வெளிச்சம் தெரியும், நிழல் அசைவது தெரியும், அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். ரேடியோகூட வேண்டாம் என்றுவிட்டார். நீலக் கார் உறை போட்டபடி வாசலில் நின்றது.

"எனக்குக் கார் ஓட்டக் கத்துக்குடு" என்றாள் நாத்தனார்.

அக்காவுக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. "அண்ணி, நீங்களா?"

"ஏன், எனக்குக் கை கால் இல்லையா? அந்த மனுஷன் சுவத்தப் பார்த்து உட்கார்ந்தே மக்கிப்போறாரு. வாடகை வண்டியில ஏத்தினா, வண்டிக்காரன் சீக்கிரம் சீக்கிரம்னு விரட்டுறான். எங்க நிறுத்தச் சொன்னாலும் மூஞ்சியக் காட்டுறான். நம்ம வண்டி சும்மாத்தானே நிக்குது? நானே இழுத்துட்டுப் போறேன்." குரல் கொஞ்சம் இறங்கியது. "ஊருக்கெல்லாம் டமாரம் அடிக்காதே. முதல்ல கத்துக்கறேன்."

இத்தனை வருஷத்தில் நாத்தனார் அவளிடம் ஒன்றைக் கேட்டு வந்தது இதுதான் முதல் தடவை. அக்கா அப்போதே சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

நாத்தனார் சுறுசுறுப்பான மாணவி. கியரைத் துணி முறுக்குகிற மாதிரி முறுக்குவாள் என்பதைத் தவிர வேறு குறை சொல்ல முடியாது. வழிதான் மனதில் நிற்கவில்லை. கடைத்தெரு தாண்டியதும் வருகிற அந்த இடப்பக்கத் திருப்பத்தை ஒவ்வொரு தடவையும் விட்டுவிட்டுப் போவாள். அது வெயில் காலம். திருப்பத்தின் முனையில் நின்ற மரம் இலை தெரியாமல் பூத்திருந்தது. கண்ணைப் பறிக்கிற மஞ்சள். அக்கா அதையே அடையாளமாகக் கொடுத்தாள்.

"ஒண்ணும் யோசிக்காதீங்க அண்ணி. மஞ்சப்பூ மரத்துக்கிட்ட லெஃப்ட். அவ்வளவுதான்."

அதன்பிறகு ஒருநாளும் தப்பவில்லை. நாத்தனாரே பாட்டு மாதிரி சொல்லிக்கொண்டு ஓட்டினாள். மஞ்சப்பூ மரத்துக்கிட்ட லெஃப்ட், மஞ்சப்பூ மரத்துக்கிட்ட லெஃப்ட்.

உரிமத் தேர்வுக்கு முதல்நாள் பெருங்காற்று அடித்தது. மறுநாள் காலை அந்த மரத்தில் பூ என்று பெயருக்கு ஒன்று இல்லை. அத்தனையும் தரையில் கிடந்ததைச் சாலை கூட்டுகிறவர்கள் வந்து அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். "ஏரிக்கரை ரோட்டுல லெஃப்ட் எடுங்கம்மா" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தேர்வு அதிகாரி. நாத்தனார் நேரே போனாள். மரக்கடை போனது, பெட்ரோல் பங்க் போனது, ஊர் எல்லை வளைவே போய்விட்டது. "எங்கம்மா போறீங்க?" என்று அதிகாரி பதறிப்போய்க் கேட்டார்.

"இருங்க சார், மஞ்சப்பூ மரம் இன்னும் வரலையே" என்றாள் நாத்தனார்.

வீட்டுக்கு வந்தவளின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "உன் வேடிக்கைப் புத்திய என் தலையில கட்டிட்டியேடி. ஒரு கம்பம் காட்டக் கூடாதா? ஒரு சுவர் காட்டக் கூடாதா? பூவ நம்பி வண்டி ஓட்டினவ உலகத்துலயே நான் ஒருத்திதான்." தம்பியும் சேர்ந்துகொண்டான். தப்பு அக்காவுடையதுதான். பூவைக் காட்டினாளே தவிர மரத்தைக் காட்டவில்லை. அது அவளை உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது.

அடுத்த தேர்வுக்கு, கேட்டபடியே சுவரைக் காட்டினாள். திருப்பத்துக்கு எதிரே பெரிய சோப்பு விளம்பரம் வரைந்த சுவர், நீலப் பின்னணி. சோப்பு என்பதால் நாத்தனாருக்கும் திருப்தி. "இதுதான் பாடம். இது உதிராது பாரு" என்றாள். நல்லவேளையோ கெட்டவேளையோ, தேர்வு நடந்த வாரத்தில் அந்தச் சுவருக்குச் சுண்ணாம்படித்து சிமெண்ட் விளம்பரம் எழுத ஆரம்பித்திருந்தார்கள். நாத்தனார் திருப்பத்துக்கு முன்னால் நின்றுவிட்டாள். போவதா, திரும்புவதா என்று கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்க, பதற்றத்தில் கார் இரண்டு தடவை அணைந்தது. அதே அதிகாரி உதட்டைப் பிதுக்கினார்.

இந்தத் தடவை நாத்தனார் திட்டவில்லை. பள்ளியில் வந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

"பையன் போன் பண்ணினான்" என்றாள் நாத்தனார். மகன் வேறொரு ஊரில் வேலை பார்க்கிறவன். "அடுத்த தடவையும் ஆகலைன்னா வந்து காரை வித்துடறேங்கிறான். வயசான காலத்துல எதுக்கும்மா இந்த வேலைங்கிறான். அவரும் சரின்னு தலையாட்டிட்டாரு. அவரு ஆசைப்பட்டு வாங்கின வண்டி. போனா போகட்டும்னு சொல்றாரு." தம்ளரைக் கீழே வைத்தாள். "என்னால ஆகாது போல இருக்கு."

அக்கா சுவரில் இருந்த சிவப்பு எழுத்தைப் பார்த்தாள். பிறகு கார் சாவியை ஆணியில் மாட்டினாள்.

"நாளையிலிருந்து கார் வேண்டாம் அண்ணி. நடப்போம்."

"என்னது?"

"பூவும் போச்சு, சுவரும் போச்சு. பூவாவது அடுத்த வருஷம் வரும், சோப்பு விளம்பரம் போனது போனதுதான். ரோட்டை ரோடாப் பார்க்கணும். கார்ல போனா உங்க கண்ணு கியர்லயே இருக்கு. கால்ல போனா பார்க்கலாம்."

"கார் ஓட்டக் கத்துக்க வந்தவள நடக்க விடுற ஒரே ஆள் நீதாண்டி" என்றாள் நாத்தனார். ஆனாலும் மறுநாள் காலை ஏரிக்கரைக்கு வந்து நின்றாள். வேறு வழி இல்லை.

முதல் சில நாட்கள் கொடுமை. மழைக்காலம் முடிகிற நேரம். சாலை எங்கும் சேறு. நாத்தனாருக்குக் கண்ணில் பட்டதெல்லாம் அழுக்கு. "இந்த மரம் பூத்தா பூக்குப்பை, இப்ப பாரு காய்க்குப்பை" என்று மஞ்சப்பூ மரத்தடியில் கிடந்த தட்டையான பழுப்புக் காய்களைக் காலால் நொறுக்கிக்கொண்டு போனாள். அக்கா அதற்காகவே காத்திருந்தவள் போல நின்றாள். "என்ன சத்தம் அண்ணி?" என்றாள். "ம், அப்பளம் நொறுங்குற சத்தம். ஏன், திங்கணுமா?" என்றாள் நாத்தனார். அதோடு விட்டுவிட்டாள் அக்கா. விளக்கம் சொல்லப் போனால் இவள் நாளைக்கு வரமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும்.

திருப்பத்தில் கடைகளின் வரிசை முடிந்ததும் குளிர்ந்த காற்று ஒரு பக்கக் கன்னத்தில் மட்டும் படுவதை நாத்தனார் தானாகவே சொன்னாள். சொன்னது காதுக்குள் குளிர் போகிறது என்று புகாராகத்தான். தாழ்வில் கசிகிற தண்ணீரையும் புகாராகச் சொன்னாள். ஆனால் எந்த இடத்தில் பாசி, எந்த இடத்தில் மணல் என்று இம்மி பிசகாமல் சொன்னாள். கறையைத் தேடிப் பழகிய கண் அல்லவா? தேடுகிற பொருள் மாறியதே தவிர, கண் அதேதான்.

பிறகு கொக்கு வந்தது. தாழ்வுக்குப் பக்கத்தில், முழங்கால் அளவு தண்ணீரில் ஒற்றைக் காலில் நின்றது. நாத்தனார் அதை முறைத்தாள். மறுநாளும் அது அதே இடத்தில் நின்றது. அதற்கடுத்த நாளும்.

"வேலை வெட்டி இல்லாத ஜென்மம். நேத்தும் இங்கதான் நின்னுச்சு" என்றாள்.

"அதுக்கு அதுதான் அண்ணி வேலை."

"எங்க சலவைப் பிரிவுலயும் இப்படி ஒருத்தன் இருந்தான். பைப் பக்கத்துலயே நிப்பான். கேட்டா வேலை பார்க்கிறேம்பான்." சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். அக்கா திரும்பிப் பார்த்தாள். நாத்தனார் சிரித்துப் பார்த்ததே அவளுக்கு அபூர்வம்.

கொக்குக்கு அடுத்து வாத்துகள். சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு வீட்டில் வளர்கிற கூட்டம், வெயில் லேசாக ஏறியதும் வரிசையாகத் தாழ்வைக் கடந்து ஏரிக்குப் போகும். மேய்க்க ஆள் கிடையாது. முன்னால் போகும் பெரிய வாத்தை நாத்தனார் உடனே அடையாளம் கண்டுகொண்டாள். "இது என்னைமாதிரி. பின்னாடி வர்றதுங்க எல்லாம் எங்க ஸ்டாஃப்" என்றாள். ஒருநாள் குன்றின் மேல் வெயிலும் இந்தப் பக்கம் நிழலுமாக இருந்ததைப் பார்த்து, "பாதி துவைச்சுப் பாதி துவைக்காம விட்ட மாதிரி இருக்கு" என்றாள். அதைத் திட்டாகச் சொன்னாளா, ரசித்துச் சொன்னாளா என்று அக்காவால் கண்டுபிடிக்க முடியவில்லை. நாத்தனாருக்கே தெரிந்திருக்காது.

வீட்டில் நடந்ததை அக்காவிடம் நாத்தனாரின் வீட்டுக்காரர்தான் பிறகு சொன்னார். ஒருநாள் காலை அவள் கால் கழுவிக்கொண்டே கொக்கைத் திட்டியிருக்கிறாள். அவர் கட்டில் ஓரத்திலிருந்து, "வெள்ளைக் கொக்கா, சாம்பலா?" என்று கேட்டிருக்கிறார். "சாம்பல். துவைக்காத சாம்பல்" என்றாளாம். அவர் சிரித்திருக்கிறார். மறுநாள் அவரே கேட்டிருக்கிறார், "கொக்கு என்ன பண்ணுச்சு?" அதற்கடுத்த நாள், "தண்ணி மதகு வரைக்கும் வந்துடுச்சா?" நாத்தனாருக்கு அது தெரியவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் நிற்பது அவள் ஜாதகத்திலேயே இல்லாத விஷயம். மறுநாள் அக்காவை இழுத்துக்கொண்டு மதகு வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அதன்பிறகு நடையில் அவள்தான் முன்னால் போவாள். அக்கா மூச்சு வாங்கப் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

காரில் மறுபடி ஏறியபோது நாத்தனார் 'மஞ்சப்பூ மரம்' என்று சொல்லவில்லை. எதுவுமே சொல்லவில்லை. திருப்பம் வந்தது, திரும்பினாள். அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தேர்வு நாள் வந்தது. குளிர் ஆரம்பித்திருந்தது. அக்கா வாசல் கதவைத் திறந்தபோது எதிர் வீடே இல்லை. பனிமூட்டம் தெருவை முழுசாக விழுங்கியிருந்தது. அத்தனை நாள் பார்த்துப் பார்த்து வைத்த சாலையில் இன்றைக்குப் பார்க்கவே ஒன்றும் இல்லை. தேர்வைத் தள்ளி வைக்கச் சொல்லலாமா என்று நாத்தனாரிடம் கேட்டாள். "மகன் நாளைக்கு வர்றான்" என்றாள் அவள். அதோடு பேச்சு முடிந்தது.

பள்ளியின் கார் என்பதால் அக்கா பின்சீட்டில் உட்காரலாம். வாயைத் திறந்தால் தேர்வு ரத்து. அதே அதிகாரி முன்னால் ஏறினார். மடியில் அட்டை, கையில் பேனா. நாத்தனாரைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு சின்னப் பெருமூச்சு. "கிளம்புங்கம்மா" என்றார்.

கடைத்தெரு வரைக்கும் விளக்குகள் மங்கலாகத் தெரிந்தன. அதைத் தாண்டியதும் ஈரவிரிப்பைக் கொடியில் போட்டு அதற்குள் காரை விட்ட மாதிரி ஆகிவிட்டது. விளக்கைப் போட்டுக்கொண்டு, நடக்கிற வேகத்தில் போனாள் நாத்தனார். "ஏரிக்கரை ரோட்டுல லெஃப்ட் எடுங்க" என்றார் அதிகாரி. அவருக்கே அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். மரம் தெரியவில்லை. சுவர் தெரியவில்லை. பின்சீட்டில் அக்கா முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

நாத்தனார் ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள்.

"குளிருதும்மா" என்றார் அதிகாரி. நாத்தனார் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கார் ஊர்ந்தது. சட்டென்று ஒரு பக்கத்திலிருந்து சில்லென்ற காற்று உள்ளே வந்தது. தண்ணீர் வாடை. கடைகளின் வரிசை முடிந்துவிட்டது. நாத்தனார் இன்னும் வேகத்தைக் குறைத்தாள். அப்போது டயருக்கு அடியில் கேட்டது அந்தச் சத்தம். நொறுக். நொறுக், நொறுக். பனியில் ஊறியும் நொறுங்குகிற காய்கள். நாத்தனார் இண்டிகேட்டரைச் சொடுக்கினாள், இடப்பக்கம் வளைத்தாள். கார் ஏரிக்கரைச் சாலைக்குள் அழகாகப் போய்ச் சேர்ந்தது.

அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. துடைக்கக்கூட இல்லை. யாரும் பார்க்கவும் இல்லை.

தாழ்வு வந்ததும் நாத்தனார் வண்டியை நிறுத்தியேவிட்டாள்.

"ஏன் நிறுத்தினீங்க?" என்றார் அதிகாரி.

"வாத்து கடக்கும் சார்."

"எந்த வாத்து?"

எந்த வாத்தும் வரவில்லை. வெள்ளைப் பனியைத் தவிர முன்னால் ஒன்றுமில்லை. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அட்டையில் ஏதோ எழுதினார். பேனா கீறுகிற சத்தம் பின்சீட்டு வரைக்கும் கேட்டது. மஞ்சப்பூ மரம் போய் இப்போது வாத்து. இந்த மனுஷன் என்னதான் நினைப்பார்? "இன்னிக்கு லேட் பண்ணுதுங்க. பனியில எந்திரிக்க சோம்பல்" என்று நாத்தனார் ஆஸ்பத்திரி ஊழியர்களைச் சொல்வது போலச் சொல்லிவிட்டு, மெதுவாகக் காரை எடுத்தாள். குன்றடி போய், வட்டம் அடித்து, திரும்பினாள்.

திரும்பும்போது பனி விலக ஆரம்பித்தது. முதலில் சாலையின் ஓரக்கல் தெரிந்தது. பிறகு கரையின் புல். தாழ்வை நெருங்கியதும் நாத்தனார் மறுபடி வேகத்தைக் குறைத்தாள். அதிகாரி எதற்கோ வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது.

பெரிய வாத்து தலையை நீட்டிக்கொண்டு சாலையில் இறங்கியது. அதன் பின்னால் ஒன்று, இன்னொன்று, ஒரு முழுக்கூட்டம். பாசியில் கால் வழுக்க, வாலை ஆட்டிக்கொண்டு, கார் என்று ஒன்று நிற்பதையே சட்டை செய்யாமல் போயின. அவை தண்ணீரில் இறங்கவும் அவற்றுக்கு மேல் பனி கிழிந்து ஏரி முழுசாகத் திறந்தது. அந்தக் கரையில் குன்று, உச்சியில் மட்டும் வெயில். சாம்பல் கொக்கு தன் இடத்தில் நின்றது. பின்னால் வந்த லாரிக்காரன் ஒரு ஹாரன் அடித்தான். இரண்டாவது ஹாரன் வரவில்லை. அவனும் தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசி வாத்தும் இறங்கிய பிறகும் கார் கிளம்பவில்லை, ஏனென்றால் அதிகாரி கிளம்பச் சொல்லவில்லை. அவர் பேனா மடியிலிருந்து நழுவிக் கீழே கிடந்தது.

"போகலாமா சார்?" என்றாள் நாத்தனார்.

"ம்? ஆங், போகலாம்." திருப்பத்துக்கு வந்ததும் அவரே கேட்டார். "அன்னிக்கு ஒரு மரம் வரலேன்னு சொன்னீங்களே, அது எதும்மா?"

"இதோ, இதுதான்."

அவர் குனிந்து கண்ணாடி வழியாக மேலே பார்த்தார். ஈரக் கிளை, தொங்குகிற பழுப்புக் காய். "இதுவா?" என்றார்.

"வெயில் காலத்துல வாங்க சார். அப்ப தெரியும்" என்றாள் நாத்தனார்.

அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் சொன்னது ஒன்றுதான். "இந்தப் பனியில நானா இருந்தா அந்தத் திருப்பத்தை விட்டிருப்பேன்." நாத்தனார் வெளியே வந்தாள். வந்தவள் பள்ளிக் காரின் மேல் சாய்ந்து, அக்காவின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்து அழுத்தினாள். சலவைக்காரி பிடி. வலித்தது. அக்கா கையை உருவிக்கொள்ளவில்லை.

காரை விற்க வந்த மகனை மறுநாள் ரயில் நிலையத்திலிருந்து அழைத்துவர அந்தக் காரே போனது. ஓட்டிக்கொண்டு போனது அம்மா. அவன் பெட்டியும் கையுமாக வாசலில் நின்று நீலக் காரைப் பார்த்தான், ஓட்டுநர் இருக்கையைப் பார்த்தான். "ஏறுடா, பின்னாடி வண்டி நிக்குது" என்றாள் அவள். அவன் ஏறினான். விற்கிற பேச்சை வீடு போய்ச் சேருகிற வரைக்கும் எடுக்கவில்லை, பிறகும் எடுக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாத்தனார் அக்கா வீட்டு வாசலில் வந்து ஹாரன் அடித்தாள். "வாடி, பின்னாடி ஏறு." முன்சீட்டில் அவளுடைய வீட்டுக்காரர். சவரம் செய்து, நல்ல சட்டை போட்டு, இறக்கிய கண்ணாடியில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அக்கா குரல் கேட்டதும் திரும்பி, "உங்க மாணவி எப்படி ஓட்டுறான்னு பாருங்கம்மா" என்றார். ரொட்டி வேன் ஓட்டிய நாளில் இருந்த குரல்.

திருப்பத்தில் அவர் காதைத் தீட்டிக்கொண்டார். நொறுக், நொறுக். "மஞ்சப்பூ மரம்" என்றார் அவரே. நாத்தனார் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை மட்டும் ஆட்டினாள். தாழ்வைத் தாண்டி, கரை அகலமாகிற இடத்தில் இண்டிகேட்டர் போட்டு, ஓரம் கட்டி, கைப்பிரேக்கை இழுத்தாள். என்ஜினை அணைத்தாள்.

"புத்தியுள்ளவ வண்டிய நிறுத்திட்டுத்தான் வேடிக்கை பார்ப்பா" என்றாள் கண்ணாடியில் அக்காவைப் பார்த்து.

"என்னம்மா தெரியுது?" என்றார் அவர்.

நாத்தனார் சொல்ல ஆரம்பித்தாள். தண்ணீர் மதகுக்கு ஒரு படி கீழே இருக்கிறது. கொக்கு இன்றைக்கு இடம் மாறி நிற்கிறது, யார் திட்டினார்களோ. வாத்தெல்லாம் கரையேறிவிட்டது, பெரியது மட்டும் இன்னும் தண்ணீரில் மிதந்துகொண்டு யாரையோ அதட்டுகிறது. குன்று பச்சை. வெறும் பச்சை இல்லை, மூன்று நாலு தினுசுப் பச்சை, ஒட்டுப்போட்ட மாதிரி. இதில் பாதி அக்காவே கவனிக்காதது. இத்தனை வருஷம் அவள் பார்த்தாள், பார்த்துக்கொண்டே நின்றாள். யாருக்கும் எடுத்துச் சொன்னதில்லை. நாத்தனார் ஒவ்வொன்றையும் உதறி, மடித்து, அவர் மடியில் அடுக்கினாள். அக்கா பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஏரி இன்னும் பெரிதாக இருந்தது.

காற்று மாறியதில் அவள் கண் திறந்துவிட்டது. குன்றின் உச்சி மறைந்திருந்தது. மழை இறங்கிக்கொண்டிருந்தது.

"குன்னு போச்சுங்க" என்றாள் நாத்தனார். "மேல் பாதி இல்லை. வெள்ளையா இறங்குது. இப்ப அடிவாரமும் போச்சு. தண்ணியில இறங்கிடுச்சு, அந்தக் கரைப்பக்கம் ஏரி புள்ளி புள்ளியா ஆகுது. வருது, வந்துக்கிட்டே இருக்கு."

அக்காவுக்குச் சட்டென்று நினைவு வந்தது. ஞாயிற்றுக்கிழமை. நாத்தனார் வாரத்துத் துணி மொத்தத்தையும் துவைத்து மாடியில் போடுகிற நாள். இப்போது கிளம்பினால்கூடப் பிடித்துவிடலாம். அக்கா முன்னால் சாய்ந்து, நாத்தனாரின் தோளைத் தொட்டாள்.

"அண்ணி, மாடியில துணி காயுமே."

நாத்தனார் திரும்பவில்லை. ஒரு கை அவருடைய கையின் மேல் இருந்தது. மழை பாதி ஏரியைத் தாண்டியிருந்தது.

"நனையட்டும்டி" என்றாள்.